“இதோ அஞ்சு நிமிஷம்” சண்டைகள்

தீபாவளி முடிந்த வாரத்திலும் புத்தாண்டு பிறந்த கையோடும் என்னிடம் ஆலோசனைக்கு வரும் தம்பதிகள் பெரிய பிரச்சினை எதையும் முதலில் எடுப்பதில்லை. “மேடம், அன்னிக்கு ரிசப்ஷன்ல இவர் என்ன பண்ணினார் தெரியுமா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நம் ஊர் ரிசப்ஷன் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பத்திரிகையில் ஏழு மணி, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏற எட்டரை. மெல்லிசைக் கச்சேரி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். மொய்க் கவரோடு வரிசையில் நின்று, போட்டோவுக்குச் சிரித்து, பந்தியில் இடம் பிடித்துச் சாப்பிட்டு முடித்தால் கணவருக்குக் கடமை முடிந்தது. மனைவிக்கு அப்போதுதான் சித்தி பெண்ணைப் பார்க்கவே முடிந்திருக்கும். “கிளம்பலாமா?” “இதோ அஞ்சு நிமிஷம்ங்க.” அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு பந்தி உட்கார்ந்து எழுந்துவிடும். அவர் தாம்பூலப் பையும் கார் சாவியுமாக வாசலில் நின்று, செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பார். திரும்பும் வழியில் காரில் எஃப்எம் மட்டும்தான் பேசும்.

டிசம்பர் 31 அன்று ஆட்கள் இடம் மாறுவார்கள். நண்பர் வீட்டு மொட்டை மாடி. தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி நிற்பார். “ஒரே ஒரு ரவுண்டு” என்பார் கணவர். இங்கே மட்டும் சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். திரும்பும்போது வண்டி ஓட்டப்போவது யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

தலைதீபாவளி தனிக் கதை. தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அரசே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. மாமனார் வீட்டில் எத்தனை நாள் என்பதைத்தான் யாரும் குறித்துக் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை ஒரு நாள் என்று நினைத்து வந்திருப்பார், பெண் நான்கு நாளுக்குத் துணி எடுத்து வைத்திருப்பாள்.

இதெல்லாம் தீர்ந்துவிடுமா? பெரும்பாலும் தீராது. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன், அவர்களுக்குள் வரும் பிணக்குகளில் ஏறத்தாழ 69 சதவீதம் தீராமல் தொடர்கிறவை என்கிறார். கூட்டம் பிடிக்காதவருக்குக் கூட்டம் பிடிக்கப்போவதில்லை. அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். யார் முன்னால் சிரிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

ஒரு கணவர் பந்தியில் உட்கார்ந்து, “இவளைக் கூட்டிட்டு வரணும்னா முந்தின நாளே கிளம்பச் சொல்லணும்” என்றாராம். இலை வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் தலை நிமிராமல் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறார், சாப்பிடவில்லை. இதையே வீட்டில் சொல்லியிருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். பிரிவு வரை கொண்டுபோய் விடுவதில் ஏளனத்துக்குத்தான் காட்மேன் முதலிடம் தருகிறார். “சும்மா தமாஷுக்கு” என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கிளம்பும் நேரத்தை வீட்டுப் படி இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், மண்டபத்தில் பேரம் வேண்டாம். தனித்தனியாகத் திரும்பினாலும் குடி முழுகிவிடாது. ஒரு தம்பதி சைகையே வைத்திருந்தார்கள்: கைப்பை வலது தோளுக்கு மாறினால் கிளம்பலாம் என்று அர்த்தம். போன கல்யாணத்தில் பட்டை உறுத்தியதால் அந்த அம்மா தோள் மாற்றப்போக, அவர் வேகமாக வந்து கையோடு அழைத்துப் போய்விட்டார். “ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடலை மேடம்” என்று இருவரும் சிரித்தார்கள். அடுத்த கல்யாணத்துக்கு வேறு சைகை யோசிக்கிறார்களாம்.