வளையும் திரையும் மாரி ஈரமும்

கிளிநொச்சியில் போன் திருத்துகிற எங்களுக்கு மாரி தொடங்கினால் ஒரே முறைப்பாடுதான். "தம்பி, நேற்றுச் சின்னப் புள்ளி, இண்டைக்குப் பெருத்துப் போச்சு." பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய விலை கூடின போன். எப்போதோ விழுந்து மூலையில் கீறல் விட்டிருக்கும். வேலை செய்கிறதுதானே என்று வயலுக்கும் கொண்டு திரிந்திருப்பார்கள். "வளையிற திரை எண்டாங்கள், பிறகேன் பழுதாகுது?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இவை ஓஎல்இடி திரைகள். பின்னால் தனி விளக்கு இல்லை. மின்சாரம் பாய்ச்சும் இரண்டு மின்வாய்களுக்கு நடுவில் 100 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவே தடிப்புள்ள கரிமப் படலம் தானே ஒளிர்கிறது. ஒளி வெளியே வர ஒரு மின்வாயாவது ஒளிபுகக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வகைச் சாதனங்களில் அதற்குப் பரவலாகப் பயன்படுவது இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு. அது ஒருவகைப் பீங்கான். சில சதவீதம் இழுபட்டாலே வெடிப்பு விடும்.

அந்த இடத்தைப் பிடிக்கத்தான் காபன் நனோகுழாயை, அதாவது காபன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயை, முயல்கிறார்கள். பின்னிக் கிடக்கும் குழாய்கள் வளையும்போது நழுவிக்கொடுக்கும், தொடர்பு அறாது. 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், குழாய்களைப் பிளாஸ்ரிக் போன்ற பொலிமருக்குள் புதைத்த மின்வாய்களால் 45 சதவீதம் இழுத்தாலும் ஒளிரும் சாதனம் செய்தார்கள். புதைக்காமல் விட்டால் வெளியே நீட்டும் ஒரு நுனி போதும், படலத்தைத் துளைத்து ஷோட் ஆகிவிடும். மின்சாரத்தைக் கடத்தும் திறனும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டை விட நன்றாகக் குறைவு. ஆகவே 'நனோ திரை, உடையாது' என்று யாராவது கூட விலை சொன்னால் வாங்காதீர்கள்.

அப்படியே மின்வாய் வளைந்து கொடுத்தாலும் ஈரம் விடாது. ஓஎல்இடியின் காப்புப் படலம் ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளைக்கு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் விடக்கூடாது என்பது இத்துறையின் அளவுகோல். கீறல் மேல்கண்ணாடியோடு நின்றால் தப்பினோம். காப்பு வரை போனால் ஈரமும் ஒட்சிசனும் உள்ளே போய் மின்வாயை அரிக்கும். அந்தக் கறுப்புப் புள்ளி அதுதான், திரும்ப ஒளிராது.

அரிசிக்குள் வைத்தாலும் புள்ளி சுருங்காது. சிலர் கீறலுக்குச் சூப்பர் குளூ பூசிக்கொண்டு வருவார்கள், கழற்றும்போது நல்ல பகுதியும் சேர்ந்து போகும். புள்ளி தெரிந்த அன்றே படங்களையும் இலக்கங்களையும் வேறொரு போனுக்கு மாற்றுங்கள். திரை முழுதும் இருண்ட பிறகு கடவுச்சொல் அடிக்கவே இடமிருக்காது.