பத்து விநாடி மதிப்பெண்ணும் பத்து நிமிட வேலையும்

மதுரை செல்லூரில் கைத்தறிச் சேலை வியாபாரம் செய்யும் என் சித்தப்பா மகன் ஒரு சித்திரை மாதத்து மதியத்தில் என்னை அழைத்து, "அண்ணே, ஐ7 போட்ட லேப்டாப்பு ஐ5 போட்ட டெஸ்க்டாப்ப விட மெதுவா ஓடுது. கடையில ஏமாத்திட்டாய்ங்களோ?" என்று கேட்டான். மடிக்கணினியில் இருந்தது இன்டெல் கோர் ஐ7-1255யு; மேசைக்கணினியில் இருந்தது கோர் ஐ5-12400. இரண்டும் 12ஆம் தலைமுறைச் செயலிகள், 2022இல் விற்பனைக்கு வந்தவை. விண்டோஸுடன் சேர்ந்தே வரும் வின்சாட் சோதனையை இரண்டிலும் ஓட்டினோம். செயலிக்குக் கிடைத்த மதிப்பெண்களில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான சேலைப் படங்களை ஒரே மூச்சில் சிறிதாக்கும்போது மட்டும் மடிக்கணினி வெகுவாகப் பின்தங்கியது. அவனை யாரும் ஏமாற்றவில்லை. மதிப்பெண்ணும் பொய் சொல்லவில்லை. அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வின்சாட் 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அப்போது உச்ச மதிப்பெண் 5.9, விண்டோஸ் 7இல் 7.9, விண்டோஸ் 8இல் 9.9. விண்டோஸ் 8.1இல் மதிப்பெண்ணைக் காட்டும் பக்கத்தை நீக்கிவிட்டார்கள் என்றாலும், 'வின்சாட் ஃபார்மல்' என்ற கட்டளையால் சோதனையை அதன் பின்னரும் ஓட்ட முடிகிறது. செயலியைப் பொறுத்தவரை அது தரவைச் சுருக்குதல், மறையாக்கம் போன்ற வேலைகளைக் கொடுத்து, ஒரு விநாடியில் எவ்வளவு தரவு முடிந்தது என்று அளக்கிறது. ஒவ்வொரு வேலையும் சில விநாடிகளில் முடிந்துவிடும். மொத்த மதிப்பெண்ணாகக் காட்டப்படுவது சராசரி அன்று, செயலி, நினைவகம், வட்டு போன்ற உறுப்புகளின் மதிப்பெண்களில் ஆகக் குறைந்தது; எனவே செயலிகளை ஒப்பிட விரும்புகிறவர் மொத்தத்தை விட்டுவிட்டுச் செயலிக்கு உரிய எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும்.

சில விநாடிகள் என்பதுதான் இங்கே முடிச்சு. ஐ7-1255யு செயலிக்கு அடிப்படை மின்திறன் 15 வாட். குறுகிய நேரத்துக்கு அது 55 வாட் வரை இழுத்துக்கொள்ளலாம். ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட். வேலை தொடங்கியதும் மடிக்கணினிச் செயலி உச்ச அளவுக்குப் பாய்கிறது. தயாரிப்பாளர் நிர்ணயித்த நேரம், பெரும்பாலும் அரை நிமிட அளவு, கடந்ததும் அடிப்படை அளவை நோக்கி இறங்கிவிடுகிறது. குறுஞ்சோதனை அளப்பது அந்தப் பாய்ச்சலை மட்டுமே. டாஸ்க் மேனேஜரில் வேகம் என்ற வரியைப் பார்த்துக்கொண்டே படங்களை மாற்றச் சொன்னேன். முதலில் மேலே நின்ற கிகாஹெர்ட்ஸ் எண் சற்று நேரத்தில் படிப்படியாகச் சரிந்து, கீழே ஓரிடத்தில் போய் நின்றுகொண்டதை அவனே கண்ணால் பார்த்தான். மேசைக்கணினியில் அந்த எண் பெரிதாக அசையவில்லை.

செயலிகளின் அமைப்பும் இதில் பங்கு கொள்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் 12 திரெட்கள், அதாவது வேலை இழைகள், ஓடும். ஆனால் ஐ5இல் அவை ஆறு பெரிய கோர்களிலிருந்து (கணக்கிடும் அலகுகளிலிருந்து), ஒவ்வொன்றுக்கும் இரண்டாக வருகின்றன. ஐ7-1255யு செயலியில் பெரிய கோர்கள் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும், ஒவ்வொரு திரெட்டை மட்டுமே ஓட்டும் சிறிய கோர்கள். ஒரே ஒரு கோரை மட்டும் வேலை வாங்கும் சோதனையில் மடிக்கணினி முந்தவும் கூடும். ஏனெனில் அதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், மற்றதற்கு 4.4. கணக்கு எழுதுவதும் இணையப் பக்கம் பார்ப்பதும் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேகத்தை நம்பியவை என்பதால், அவற்றில் அவனுக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

15 வாட்டை வைத்துக்கொண்டு மடிக்கணினி இவ்வளவு தூரம் ஈடுகொடுப்பதே வியப்புதான் என்று எனக்குத் தோன்றும். செயலி எரிக்கும் மின்திறன் கடிகார வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அதனால் மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தால், மின்திறன் 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறத்தாழ பாதியாகிறது. பாதி மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேலை கிடைக்கிறது. மேசைக்கணினி உச்சத்தில் பெறும் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறது.

எரிந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். இவ்விடத்தில் மதுரையின் வெயில் நேரடியாகக் கணக்குக்குள் வருகிறது. ஐ7-1255யு போன்ற செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. வெளியேறும் வெப்பத்தின் அளவு, சிப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 25 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 75; அக்கினி நட்சத்திர மதியத்தில் அறை 40 டிகிரி ஆனால் 60 மட்டுமே. அதே விசிறி, அதே செப்புக் குழாய், ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குளிரூட்டிய அறையில் எடுத்த மதிப்பெண்ணையும் தகரக் கூரையின் கீழ் எடுத்த மதிப்பெண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செல்லூர் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே பருத்திப் பஞ்சு ஒரு மெல்லிய கம்பளிபோலப் படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. தறி ஓடும் தெருவில் காற்றோடு கலந்து திரியும் பஞ்சுத்தூசிதான் அது. காற்று போகும் வழி அடைபட்டால், மின்திறன் வரம்பு 15 வாட்டாக இருந்தும்கூட, வெப்ப வரம்பு முந்திக்கொண்டு வேகத்தை இறக்கிவிடும்.

சுத்தம் செய்த பின், இரண்டையும் மறுபடி ஒப்பிட, கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் சோதனையைத் தேர்ந்தெடுத்தோம். அது ஒரே வேலையைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் என்பதால் நீண்ட வேலைக்குப் பொருத்தமானது. அகராதி அளவையும் (சுருக்கும்போது நினைவில் வைத்துத் தேடும் தரவின் அளவு) திரெட் எண்ணிக்கையையும் இரண்டிலும் ஒன்றாக வைக்க வேண்டும். அதில் சுருக்கும் வேகம் நினைவகத்தின் தாமதத்தையும் பெரிதும் சார்ந்தது. சுருக்கியதை மீண்டும் விரிக்கும் வேகம் செயலியின் முழு எண் கணக்கிடும் திறனையே அதிகம் காட்டும். ஆகவே செயலியை மட்டும் ஒப்பிட நினைப்பவர் விரிக்கும் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். வின்சாட்டின் முழுச் சோதனை பேட்டரியில் ஓட மறுத்துவிடும்.

அதே அறையில், அதே மதியத்தில், இரண்டு கணினிகளையும் பத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். முதல் சுற்றின் எண்ணை ஒரு பத்தியிலும் கடைசிச் சுற்றின் எண்ணை அதன் பக்கத்திலும் தன் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்ட தம்பி, மடிக்கணினியைக் கண்காட்சிகளுக்கு எடுத்துச் செல்வதற்கும் கணக்குக்கும் ஒதுக்கிவிட்டு, படங்களை மேசைக்கணினிக்கு மாற்றிக்கொண்டான்.