ஃபிரையரி: சகோதரத் துறவியர் இல்லமும் அதன் ஆவணங்களும்

கத்தோலிக்கத் திருச்சபையில் பிரான்சிஸ்கன், டொமினிக்கன், கார்மேல், அகுஸ்தீன் சபைகளைச் சேர்ந்த ஆண் துறவியர் கூடி வாழும் இல்லத்துக்கு ஃபிரையரி என்று பெயர். சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் வானதூதர்களின் புனித மரியாள் ஆலய வளாகத்தில் பிரான்சிஸ்கன் துறவியர் வாழ்கின்றனர்; குவீன் ஸ்திரீட் புனித பேதுரு பவுல் ஆலயம் கார்மேல் துறவியரின் பொறுப்பில் இருக்கிறது. நம்மவர் பேச்சில் ஃபாதர், பிரதர் போல ஃபிரையரியையும் அப்படியே சொல்லிவிடலாம், ஒரு குறையும் இல்லை. ஆனால் இத்தகைய ஆலயத்தின் பழைய ஏடுகளுக்குத் தமிழில் அட்டவணை எழுத உட்கார்ந்தால், எந்த ஏடு யாருடையது என்பதை இந்த ஒரு சொல்லே தீர்மானிப்பதால், அதன் பொருளை வரையறுக்காமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

இலத்தீனில் ‘ஃபிராத்தெர்’ என்றால் உடன்பிறந்தவன். அது பழைய பிரெஞ்சில் ‘ஃபிரேர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஃபிரையர்’ ஆயிற்று; அவர் வாழும் இடம் ஃபிரையரி. அசிசி பிரான்சிஸ் தம்மவரைச் ‘சிறிய சகோதரர்கள்’ என்றே அழைத்தார்; அவர்களுடைய ஒழுங்குநூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் 1223-இல் ஒப்புதல் அளித்தார். பழைய துறவியர் ஊருக்கு ஒதுங்கிய பெருமடங்களில், சொந்த நிலங்களின் வருவாயில், பெரும்பாலும் ஒரே இடத்தில் ஆயுளைக் கழித்தனர். இச்சகோதரர்களோ நகரங்களுக்குள் குடியேறி, இரந்து உண்டு, தெருவில் மறையுரை ஆற்றி, மேலாளர் அனுப்பும் இல்லத்துக்கெல்லாம் மாறிச் சென்றனர்.

ஆகவே ‘மடம்’ என்னும் சொல் இங்கே சரியாகப் பொருந்துவதில்லை. தமிழில் அது சைவ மடத்தையும் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தையும் குறித்து வந்த சொல். கத்தோலிக்கர் வழக்கிலோ ‘கன்னியர் மடம்’ என்ற தொடராலேயே அது நிலைபெற்றிருக்கிறது. இன்னொரு பொறியும் உண்டு. சபைகளின் இலத்தீன் ஆவணங்களில் இவ்வில்லத்தின் பெயர் ‘கொன்வெந்துஸ்’. அதைக் கண்டவுடன் கான்வென்ட் என்று எழுதினால், விக்டோரியா ஸ்திரீட்டில் 1854-இல் கன்னியர் தொடங்கிய பெண்கள் பள்ளியை அறிந்த சிங்கப்பூர் வாசகர் ஆண் துறவியரின் இல்லத்தைப் பெண்கள் பள்ளி என்றே எண்ணிக்கொள்வார். ‘சகோதரர் இல்லம்’ என்பதிலும் சிக்கல் இருக்கிறது: குருப்பட்டம் பெறாத துறவியைத்தான் நாம் பிரதர் என்கிறோம், ஃபிரையர்களிலோ குருக்களும் உண்டு. சகோதரத் துறவியர் இல்லம் என்பதே என் தேர்வு. சற்று நீளம்தான், முதல் முறை முழுமையாக எழுதிவிட்டால் பின்னர்த் துறவியர் இல்லம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

‘ஆவணம்’ என்னும் சொல்லுக்கு இந்த இடர் எதுவும் இல்லை. அங்காடித் தெருவையும் எழுத்துச் சான்றையும் ஒருங்கே குறித்த பழஞ்சொல் அது. கயிற்றால் பிணித்த குடத்தின் மேல் இட்ட பொறியைச் சரிபார்த்து, அதை நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கும் ‘ஆவண மாக்கள்’ அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் வருகின்றனர். முத்திரையைப் பார்த்த பிறகே ஏட்டைத் தொடும் அந்த ஒழுங்கு இன்றைய காப்பகருக்கும் உரியது.

ஒரே வளாகத்தில் இருந்தாலும் இல்லத்தின் ஆவணங்களும் ஆலயத்தின் ஆவணங்களும் இரு வேறு தொகுதிகள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஆலய வட்டாரத்திலும், இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி கூறுகிறது. திருமணத்தைப் பதிவேட்டில் எழுதும் கடமையைத் ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1563-லேயே பங்குக் குருமீது சுமத்தியிருந்தது. திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரக்குறிப்புகளை விரல் வைத்துப் படித்தால், அதே ஆள் பின்னாளில் பெற்ற உறுதிப்பூசுதல், செய்துகொண்ட திருமணம், எடுத்த துறவற வார்த்தைப்பாடு வரை அங்கே சேர்த்து எழுதியிருப்பது தெரியும். இவை பங்குக்கும், அதன் வழியாக ஆயரின் ஆட்சிப்பகுதியான மறைமாவட்டத்துக்கும் உரியவை. சிங்கப்பூர் தனி உயர்மறைமாவட்டம் ஆனது 1972-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய தாள்களின் தலைப்பில் மலாக்காவின் பெயரைக் கண்டு வேற்றூர்த் தாள் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இல்லத்தார் கூடிப் பேசி எடுத்த முடிவுகள், இல்லத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு, இறந்த சகோதரர்களின் நினைவுப் பட்டியல், சபைத் தலைமையுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை சபைக்குரியவை. பிரான்சிஸ்கன் இல்லமாக இருந்தால் நிலப் பத்திரத்தைத் தேடுவோர் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. சகோதரர்கள் எதையும் உடைமையாகக் கொள்ளக் கூடாது, பயன்படுத்தலாம் என்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி 1230-இல் விளக்கம் தந்தார். அக்கால இல்லங்களின் மனைகள் நகர நிர்வாகத்தின் பெயரிலோ வேறொருவர் பெயரிலோ இருந்தது அதனால்தான். பத்திரம் இல்லத்துப் பெட்டியில் இல்லை என்றால் அது தொலைந்துவிட்டது என்று பொருளல்ல.

இல்லத் தலைவரே பங்குத் தந்தையாகவும் இருக்கும் காலத்துக் கடிதங்களில்தான் பெருங்குழப்பம் நேரும், ஏனெனில் கையொப்பம் ஒன்றே. அப்போது அவர் எந்தப் பொறுப்பில் எழுதினார் என்பதையும் எந்த முத்திரை குத்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பங்குக்குத் தனி முத்திரை இருக்க வேண்டும் என்பதும் அதே 535-ஆம் விதிதான். முத்திரையும் இல்லையென்றால், மறுமொழி யாருக்கு வந்தது, எந்தக் கோப்பில் தைக்கப்பட்டது என்று பார்த்து அந்தத் தொகுதியிலேயே தாளை விட்டுவிட்டு, மற்றத் தொகுதியின் அட்டவணையில் ஒரு வரி குறித்துவைத்தால் போதும்.