எஸ்கியூஎல்லை ஸ்ட்ரிங்காக ஒட்டாதீர்கள்

போன வாரக் கோட் ரிவ்யூவில் மறுபடியும் அதே வரி. பைத்தானில் ஒரு எஃப்-ஸ்ட்ரிங் (மாறிகளின் மதிப்பைத் தனக்குள் சொருகிக்கொள்ளும் எழுத்துச் சரம்), அதற்குள் தரவுத்தளத்திடம் கேட்கும் முழு எஸ்கியூஎல் வினவல், நடுவில் பயனர் தட்டிய பெயர் அப்படியே சொருகப்பட்டிருக்கிறது. எழுதியவர் நல்ல டெவலப்பர்தான். கேட்டால், "சிங்கிள் கோட்டை எஸ்கேப் பண்ணிட்டேனே" என்கிறார். அதாவது, மேற்கோள்குறி வினவலை உடைக்காதபடி மாற்றிவிட்டாராம். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

1970களில் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கிய எஸ்கியூஎல், தரவுத்தளத்துக்கென்றே பிறந்த தனி மொழி. பைத்தானுக்கோ பிஎச்பிக்கோ அதன் இலக்கணம் தெரியாது. அவற்றுக்கு அது வெறும் ஸ்ட்ரிங். எது கட்டளை, எது தரவு என்ற பிரிவு ஒட்டிய கணத்திலேயே போய்விடுகிறது. பயனர் தட்டியதே கட்டளையாக ஓடிவிடலாம். இந்த ஓட்டைக்குப் பெயர்தான் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன்.

எஸ்கேப் செய்தால் போதாது. ஆர்டர் எண்ணை வைத்துத் தேடும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண் என்பதால் வினவலில் மேற்கோள்குறியே கிடையாது. ஒருவர் 5 என்று அனுப்பாமல் "5 ஆர் 1=1" என்று அனுப்புகிறார். 'ஆர்' என்றால் 'அல்லது', 1=1 எப்போதும் உண்மை. அதில் எஸ்கேப் செய்ய என்ன இருக்கிறது? எல்லோருடைய ஆர்டரும் வந்து கொட்டும். "பிரௌசரிலேயே சரிபார்த்துவிட்டோம்" என்பார்கள். பிரௌசரே இல்லாமல் கோரிக்கை அனுப்ப கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். "எங்கள் டேபிளிலிருந்து எடுத்த மதிப்புதானே" என்பார்கள். அந்த டேபிளுக்குள் அது எந்தப் படிவம் வழியாக வந்தது? தாக்குபவரை விடுங்கள், டி'சோசா என்ற வாடிக்கையாளர் பதிவு செய்தாலே, பெயரிலுள்ள மேற்கோள்குறியால் சில படிவங்கள் உடைகின்றன.

இது 1998லேயே ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் எழுதப்பட்ட விஷயம். 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரம் போனது இந்த ஓட்டை வழியாகத்தான். அபராதம் 4 லட்சம் பவுண்டு. 2023இல் கோப்புகளை அனுப்பப் பயன்படும் மூவிட் மென்பொருளிலும் இதே கதை.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வினவலில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் இடக்குறி வையுங்கள், மதிப்புகளைத் தனியே கொடுங்கள். ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான பைத்தான் நூலகமான சைக்கோபிஜி2 பயன்படுத்துகிறவர்கள் இதிலும் சறுக்குகிறார்கள். அதன் இடக்குறி சதவீதக் குறியில் தொடங்கும். பைத்தானின் பழைய ஸ்ட்ரிங் ஃபார்மேட்டுக்கும் அதே குறி. வினவலை ஓட்டும் எக்ஸிக்யூட்டுக்குள் வினவலை முடித்து, கமா போட்டு, மதிப்புகளை டியூப்பிளாக (அடைப்புக்குறிக்குள் வரிசையாக) கொடுத்தால் பத்திரம். கமா இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறி விழுந்தால் பைத்தானே ஒட்டிவிடும். மதிப்பு எண்ணாக இருந்தால் டெஸ்ட் எல்லாம் பாஸும் ஆகும். ரிவ்யூ செய்பவர்கள் தயவுசெய்து அந்த ஒரு எழுத்தைப் பாருங்கள்.

டேபிள் பெயருக்கும், வரிசைப்படுத்தும் ஆர்டர் பை-க்குப் பின் வரும் நெடுவரிசைப் பெயருக்கும் இடக்குறி வேலை செய்யாது. அனுமதித்த பெயர்களைக் கோடிலேயே பட்டியலாக வைத்து, அதில் இருந்தால் மட்டும் எடுங்கள். எஸ்கியூஎல்லை நமக்காக எழுதித்தரும் ஓஆர்எம் இருக்கிறதென்று அசந்துவிடாதீர்கள். பைத்தானின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவிலும் 'ரா' வழியாக நேரடி எஸ்கியூஎல் எழுதலாம், அங்கேயும் இதே ஒட்டு வேலையைப் பார்க்கிறேன். அப்புறம், ரிப்போர்ட் மட்டும் படிக்கும் ஆப்பின் டேட்டாபேஸ் யூசருக்கு டேபிளையே அழிக்கும் டிராப் உரிமை எதற்கு? பிடுங்கிவிடுங்கள்.

ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் உதாரணத்திலேயே இடக்குறியோடு எழுதிக் காட்டுங்கள். "இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்" என்று போர்டில் எழுதும் அந்த ஒட்டு வரியைத்தான் நான் பிறகு புரொடக்‌ஷனில் பார்க்கிறேன்.