கோயில் மதில் அளவு உலகம்: அவதாரம் ஏன் திணறுகிறது?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வெளி மதில் ஏறத்தாழ 254 மீட்டருக்கு 237 மீட்டர். 2003ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் 'ரீஜன்' எனப்படும் நிலத்துண்டும், தற்செயலாக, 256 மீட்டருக்கு 256 மீட்டர்தான். அந்தச் சதுரத்துக்குள் யாருடைய அவதாரம் (நமக்காக அங்கே நடமாடும் உருவம்) எங்கே நிற்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் அமெரிக்காவில் உள்ள சர்வர் என்னும் மையக் கணினி கணக்கிடுகிறது. அதைப் படமாக வரைந்து காட்டும் வேலையோ நம் வீட்டுக் கணினியின் தலையில் விழுகிறது. ஆகவே, அவதாரம் தாமதித்துத் திணறும்போது 'லேக் அடிக்கிறது' என்று நாம் ஒரே சொல்லில் சலித்துக்கொள்வது உண்மையில் மூன்று வெவ்வேறு தொல்லைகள்.

முதலாவது, தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மதுரையிலிருந்து அந்தச் சர்வருக்குப் போய்த் திரும்ப 26,000 கிலோமீட்டருக்கு மேல் ஆவதால், நாம் அழுத்திய பொத்தானுக்கு விடை வரக் குறைந்தது 130 மில்லிநொடி பிடிக்கும். கூடுதல் விலைக்கு வேகமான பிளான் வாங்கினாலும் இது குறையாது. வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து நேரே கேபிள் இணைத்தால், வழியில் தொலையும் தகவல்கள் குறையக்கூடும், அவ்வளவே.

நம் கையில் இருப்பது இரண்டாவதான வரைதல். எவ்வளவு தொலைவு வரை காட்சி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் 'டிரா டிஸ்டன்ஸ்' அமைப்பை 128 மீட்டரிலிருந்து 256 மீட்டராக உயர்த்தினால், வேலை இரு மடங்கு ஆவதில்லை. பரப்பு நான்கு மடங்காகிறது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனச் சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரியும் ஊரில் நடந்து பழகியவருக்கு, வெளியே போகப் போக வீடுகள் எப்படிப் பெருகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஒட்டப்படும் 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட ஒரே படம், விரித்துவைத்தால் 4 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். அப்படி நூறு படங்கள் ஒரு சாதாரணக் கடைத்தெருவிலேயே இருக்கக்கூடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்போலக் கூட்டம் சேருமிடத்தில், ஒவ்வோர் அவதாரத்தின் தலைமுடியும் நகையும் தனித்தனியே வரையப்படுகின்றன. அங்கே தொலைவை 64 மீட்டராகக் குறைத்து, அளவுக்கு மீறி அலங்கரித்த அவதாரங்களை வெறும் நிழலுருவாகக் காட்டும்படி வரம்பு வைப்பது நல்லது. எதற்கெடுத்தாலும் கேஷை (இறக்கிய படங்களை நம் கணினி சேர்த்துவைக்கும் இடத்தை) அழிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஏற்கெனவே இறக்கிய படங்களையே மறுபடியும் இறக்க வேண்டிவரும்.

மூன்றாவது, சர்வரின் சுமை. கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் ஒரு புள்ளிவிவரப் பட்டி திறக்கும். அதில் நம் கணினியின் வேகத்தோடு சர்வரின் வேகமும் தனியே தெரியும். சர்வரின் வேகம் வழக்கமான நொடிக்கு 45 சுற்றுகளிலிருந்து வெகுவாகச் சரிந்திருந்தால், நம் அமைப்புகள் எதையும் தொடாமல் வேறொரு ரீஜனுக்குப் போய்விடலாம்.