வியாழனின் இருபுறமும் ஒரு டிராய் போர்

வியாழன் கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாதையில் அது தனியாகப் போவதில்லை. அதற்கு 60 டிகிரி முன்னால் ஒரு சிறுகோள் கூட்டமும், 60 டிகிரி பின்னால் இன்னொரு கூட்டமும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முன்னால் போகும் கூட்டத்தில் அக்கிலீஸ், நெஸ்டர், அகமெம்னான், ஒடிசியஸ் இருக்கிறார்கள். பின்னால் வரும் கூட்டத்தில் பிரையம், ஈனியாஸ், பாரிஸ். ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன் பாடப்பட்ட ஒரு போர்க் கதையின் இரு தரப்புகளும், நடுவில் வியாழனை நிறுத்திக்கொண்டு, வானில் எதிரெதிரே அணிவகுத்திருக்கின்றன.

கிரேக்கப் புராணம் நம் காலத்தில் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த இடத்தைத்தான். இங்கே புராணப் பெயர் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. பெயரைக் கேட்டதுமே அந்தச் சிறுகோள் வியாழனுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கதை ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. பீலியஸ் மன்னனுக்கும் கடல் தேவதை தீட்டிஸுக்கும் நடந்த திருமணத்துக்கு எல்லாத் தெய்வங்களுக்கும் அழைப்பு போனது, பூசலின் தெய்வமான எரிஸ் ஒருத்தியைத் தவிர. அவள் ‘பேரழகிக்கு’ என்று பொறித்த தங்க ஆப்பிளை விருந்தின் நடுவே வீசினாள். ஹீரா, அதீனா, அப்ரோடைட்டி மூவரும் அது தனக்கே என்றார்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு டிராய் இளவரசன் பாரிஸின் தலையில் விழுந்தது. உலகிலேயே அழகான பெண்ணைத் தருகிறேன் என்ற அப்ரோடைட்டியிடம் அவன் ஆப்பிளைக் கொடுத்தான். அந்தப் பெண்ணோ ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸின் மனைவி ஹெலன். பாரிஸ் அவளை டிராய்க்குக் கொண்டுபோக, மெனலாஸின் அண்ணன் அகமெம்னான் தலைமையில் கிரேக்கப் படை கடல் கடந்து வந்து பத்தாண்டுகள் அந்நகரை முற்றுகையிட்டது.

கிரேக்கக் கவி ஹோமரின் ‘இலியட்’ காவியம் அந்தப் பத்தாண்டுகள் முழுவதையும் பாடவில்லை. பத்தாம் ஆண்டின் சில வாரங்களே அதன் களம். நமக்கு நன்றாகத் தெரிந்த மரக்குதிரைத் தந்திரமும் அக்கிலீஸின் குதிகாலும் அதில் வருவதில்லை, அவை வேறு நூல்களின் வழியே வந்தவை. கணினிக்குள் வேறு வேடத்தில் நுழையும் தீய நிரலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் பெயர் தந்தவை அந்தக் கதைகள். ‘இலியட்’ பாடுவது அக்கிலீஸின் கோபத்தை. தன் பங்குக்குக் கிடைத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணை அகமெம்னான் பறித்துக்கொண்டதால், படையின் தலைசிறந்த வீரன் போரிட மறுத்துக் கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். பீஷ்மர் விழும்வரை களத்துக்கு வராத கர்ணன் நமக்கு நினைவுக்கு வரலாம். கிரேக்கர்கள் தோற்கத் தொடங்க, நண்பன் பாட்ரோக்ளஸ் அக்கிலீஸின் கவசத்தை அணிந்து போகிறான். டிராயின் மூத்த இளவரசன் ஹெக்டர் அவனைக் கொல்கிறான். துக்கம் அக்கிலீஸை மறுபடி களத்தில் இறக்குகிறது. ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்துத் தன் முகாமுக்குக் கொண்டுபோகிறான். கடைசியில் ஹெக்டரின் கிழத் தந்தை பிரையம் இரவில் எதிரி முகாமுக்குள் வந்து, மகனைக் கொன்றவனின் கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். உலக இலக்கியத்தில் இதற்கு இணையான காட்சிகள் மிகச் சிலவே என்று நினைக்கிறேன்.

இனி 1906க்கு வருவோம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப், தொலைநோக்கியோடு புகைப்படத் தகடுகளைப் பொருத்தி நீண்ட நேரம் ஒளிபடவைத்துச் சிறுகோள்களைத் தேடிவந்தார். விண்மீன்கள் புள்ளிகளாக விழும். சிறுகோள் நகர்வதால் சிறு கோடாக விழும். அவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று அவர் கண்ட கோடு வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. மெதுவாக நகர்ந்தால் தொலைவில் இருக்கிறது என்று பொருள். கணக்கிட்டுப் பார்த்தபோது அது வியாழனின் தொலைவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சார்லியர், அது வியாழனுக்கு ஏறத்தாழ 60 டிகிரி முன்னால் இருப்பதையும், அந்த இடத்தை ஒரு கணிதவியலர் 1772இலேயே தாளில் குறித்துவைத்திருந்ததையும் சுட்டிக்காட்டினார்.

அந்தக் கணிதவியலர் ஜோசப் லூயி லக்ராஞ்ச். இரண்டு பெரிய பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, மூன்றாவதாக ஒரு சிறு பொருள் எங்கே இருந்தால் அவற்றோடு மாறாத வடிவில் சேர்ந்து சுற்றும் என்று அவர் ஆராய்ந்தார். ஒரு விடை சமபக்க முக்கோணம்: சூரியன் ஒரு முனை, வியாழன் ஒரு முனை, சிறுகோள் மூன்றாம் முனை. இப்படி இரண்டு முக்கோணங்கள் வரையலாம், வியாழனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இன்று இந்த இடங்களை எல்4, எல்5 என்கிறார்கள்.

அங்கே சிறுகோள் ஏன் விலகிப் போவதில்லை? சூரியன் அசையாமல் நடுவில் நிற்க வியாழன் அதைச் சுற்றுகிறது என்று நினைப்பது முழு உண்மை அல்ல. இரண்டுமே தமது பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. அந்த மையம் சூரியனின் பரப்புக்குச் சற்று வெளியே, வியாழன் இருக்கும் திசையில் இருக்கிறது. அதாவது சூரியன் எப்போதும் வியாழனுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளியே நிற்கிறது. ஆகவே எல்4இல் உள்ள சிறுகோளைச் சூரியன் உள்நோக்கி இழுக்கும்போது, கூடவே சிறிதளவு முன்னோக்கியும் இழுக்கிறது. பின்னால் வரும் வியாழன் பின்னோக்கி இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்புகளும் சரிக்குச் சரியாக நிற்பது 60 டிகிரியில்.

சிறுகோள் வியாழனை நெருங்கிவிட்டால் என்ன ஆகும்? வியாழனின் பின்னிழுப்பு ஓங்கும். சிறுகோள் ஆற்றலை இழந்து சூரியனுக்குச் சற்று அருகான பாதையில் இறங்கும். உள்பாதையில் போவது எதுவும் வேகமாகச் சுற்றும் என்பது கெப்ளர் விதி. எனவே பின்னால் இழுக்கப்பட்ட சிறுகோள் முன்னே ஓடுகிறது! 60 டிகிரியைத் தாண்டி அதிகம் முன்னே போனால் சூரியனின் முன்னிழுப்பு ஓங்கும். சிறுகோள் ஆற்றல் பெற்று வெளிப்பாதைக்கு ஏறும், வேகம் குறையும், வியாழன் நெருங்கிவரும். இப்படி முன்னும் பின்னுமாக ஒரு ஊசலாட்டம் முடிய ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும். 1906இல் கண்டதிலிருந்து அந்த முதல் சிறுகோள் இன்னும் ஒரு சுற்று ஆட்டத்தைக்கூட முடிக்கவில்லை. வியாழனைவிடச் சூரியன் சுமார் 1,047 மடங்கு நிறை கொண்டது. நடுப்பொருள் குறைந்தது 25 மடங்காவது கனமாக இருந்தால்தான் இந்த ஆட்டம் நிலைக்கும் என்பது கணிதம் வைக்கும் நிபந்தனை.

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள எல்1 என்ற புள்ளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதற்கு இந்த வரம் இல்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள அந்த இடத்தை 2024 ஜனவரி 6 அன்று அடைந்த இந்தியாவின் ஆதித்யா விண்கலம், அங்கே தங்குவதற்கு அவ்வப்போது உந்துபொறியை இயக்கியாக வேண்டும். எல்4இலும் எல்5இலும் இயற்கையே காவல் காக்கிறது.

பெயருக்கு வருவோம். அக்காலத்தில் சிறுகோள்களுக்குப் பெண் பெயர்கள் வைப்பதே வழக்கம், விசித்திரமான பாதையில் போவதற்கு மட்டும் ஆண் பெயர். புதியதற்கு அக்கிலீஸ் என்ற பெயரும், இந்த இடங்களில் இருப்பவை எல்லாவற்றுக்கும் டிராய் போர் மாந்தரின் பெயரும் வைக்கலாம் என்றவர் வியன்னாவின் யோஹான் பலிசா. பின்னர் எல்4 கிரேக்கருக்கு, எல்5 டிராயருக்கு என்று பிரித்தார்கள். ஆனால் அந்தப் பிரிவு வருமுன்பே இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆகஸ்ட் கோப் என்ற வானியலாளர் கண்டுபிடித்த பாட்ரோக்ளஸ் டிராய் முகாமில் மாட்டிக்கொண்டான், ஹெக்டர் கிரேக்க முகாமில். வானியலாளர்கள் இவர்களை ஒற்றர்கள் என்பார்கள். எனக்கு இது தவறாகவே தோன்றவில்லை. பாட்ரோக்ளஸ் உயிரைவிட்டது டிராய் மண்ணில். ஹெக்டரின் உடல் பன்னிரண்டு நாள் கிடந்தது கிரேக்க முகாமில். தற்செயலாக விழுந்த பெயர்கள் கதைக்கு உண்மையாக இருக்கின்றன.

ரோமானியர் ஜூபிடர் என்று வணங்கியது கிரேக்கரின் ஜீயஸைத்தான். வியாழனுக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் அது. ‘இலியட்’டின் தொடக்க அடிகளிலேயே ஜீயஸின் சித்தம் நிறைவேறியது என்று வருகிறது. அக்கிலீஸ், ஹெக்டர் இருவரின் விதிகளையும் பொன் தராசில் நிறுப்பதும் அவர்தான். இரு முகாம்களையும் வியாழனின் ஈர்ப்பே கட்டிவைத்திருக்கிறது என்று அறியும்போது, பலிசாவின் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்று வியக்கிறேன். கிரேக்க முகாமில் சிறுகோள்களின் எண்ணிக்கையும் அதிகம். காவியத்திலும் கிரேக்கரே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள்.

இரு பக்கமும் சேர்த்து 10,000க்கும் மேற்பட்டவை இதுவரை தெரியவந்துள்ளன. அத்தனை பேரை ஹோமரால் தர முடியாது. அதனால் 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம், சிறியவற்றுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயர்களை வைக்க இசைந்தது. பண்டைய ஒலிம்பிக் போட்டிகள் ஜீயஸுக்காக நடந்தவை என்பதால் மரபு அறுந்துவிடவில்லை. யூரிபேட்டஸ் என்ற சிறுகோளின் துணைக்கோளுக்குக் கெட்டா என்று பெயர்: 1968இல் மெக்சிகோவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றிய முதல் பெண் என்ரிகெட்டா பசீலியோவின் நினைவாக.

நாசாவின் லூசி விண்கலம் 2021 அக்டோபர் 16 அன்று இவற்றை நோக்கிப் புறப்பட்டது. 2027 ஆகஸ்டில் யூரிபேட்டஸைக் கடந்து, கிரேக்க முகாமில் மேலும் மூன்று சிறுகோள்களைப் பார்த்துவிட்டு, 2033 மார்ச்சில் பாட்ரோக்ளஸை அடைவது திட்டம். பாட்ரோக்ளஸ் உண்மையில் இரட்டை. ஏறக்குறைய சம அளவுள்ள, ஒவ்வொன்றும் 100 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான இரு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மற்றதற்குப் பாட்ரோக்ளஸின் தந்தை மெனீஷியஸின் பெயர். இத்தகைய இணைகள் மோதல்களில் எளிதில் பிரிந்துவிடும். இது பிரியாமல் பிழைத்திருப்பதை வைத்து, வியாழன் முதலிய பெரும் கோள்கள் தம் தொடக்கப் பாதைகளிலிருந்து இடம்பெயர்ந்து, மோதல் மிகுந்த பிறப்பிடத்திலிருந்து இதை இங்கே கொண்டுவந்தது சூரியக் குடும்பத்தின் முதல் 10 கோடி ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். லூசி எடுக்கப்போகும் படங்களில் அவர்கள் எண்ணப்போவது இவ்விரண்டின் மேல் உள்ள பள்ளங்களை: எத்தனை மோதல்களை இந்தத் தந்தையும் மகனும் தாங்கினார்கள் என்பது அதில் தெரியும்.