‘போதைச் சோதனை’ என்று எழுதாதீர்கள்

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ஓட்டுநரின் உமிழ்நீரில் போதைப்பொருள் இருக்கிறதா என்று காவலர் சோதித்தால், நம் செய்திகளில் அது உடனே ‘போதைச் சோதனை’ ஆகிவிடுகிறது. இது தவறு.

உமிழ் என்றால் துப்பு. உமிழும் நீர் உமிழ்நீர். ‘எச்சில்’ வழக்கில் உள்ள சொல்தான், ஆனால் எஞ்சு என்ற வேரில் பிறந்து மிச்சம், தீட்டு என்ற வாடையோடு வருவது. சோதனைக்கு உமிழ்நீரே சரி.

சண்டை ‘போதை’யோடுதான். போதை என்பது ஒரு நிலை: கவனம் சிதறும், பிரேக்கை மிதிக்கக் கால் தாமதிக்கும். அதை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இது 2004 டிசம்பரில் தொடங்கியது. உறிஞ்சு பட்டையை நாக்கில் தேய்த்துச் சில நிமிடம் காத்திருப்பார்கள். கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி, மெத்தாம்பெட்டமின் என்ற செயற்கைப் போதைப்பொருள் போன்றவை உண்டா இல்லையா என்பதுதான் விடை. மதுவுக்கு ஊதச் சொல்லும் கருவிபோல, இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 என்பதுபோன்ற எண் வராது. கஞ்சா புகைத்தால் டிஎச்சி வாய்க்குள்ளேயே படிகிறது. பட்டை எடுப்பது பெரும்பாலும் அதைத்தான். மூளை தெளிவாக இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

‘சுருக்கமான சொல், வாசகருக்குப் புரிகிறது’ என்பார்கள். தப்பாகப் புரிகிறதே! மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சா மருந்தை எடுத்துக்கொண்டவரும் தமிழில் ‘போதை ஆசாமி’ ஆகிவிடுகிறார். அப்படிப்பட்டவரின் உரிமத்தைப் பறிக்காமல் விடும் அதிகாரத்தை விக்டோரியாவின் நீதிமன்றங்களுக்கு 2025 மார்ச்சில் சட்டமே கொடுத்துவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் அசைவதாக இல்லை.

இன்னொரு கேடு, இதைப் ‘போதை ஒழிப்பு’க் கணக்கில் சேர்ப்பது. தொடர்ந்து கஞ்சா புகைப்பவரின் சிறுநீர்ச் சோதனை, வாரக்கணக்கில் பழைய கதையைத் தோண்டும். உமிழ்நீர் பெரும்பாலும் சில மணிநேரம், மிஞ்சினால் ஓரிரு நாள் கதையைத்தான் சொல்லும். போன வாரம் என்ன செய்தாய் என்று கேட்காமல் இப்போது ஓட்டாதே என்று நிறுத்துவதற்கு அது உதவும். இதற்குப் பெயர் தீங்கு குறைப்பு. பழக்கத்தை ஒழிப்பது வேறு வேலை, அதை இதன் தலையில் கட்டக்கூடாது.

ஆகவே ‘போதைப்பொருள் உமிழ்நீர்ச் சோதனை’ என்று முழுதாக எழுதுங்கள். தலைப்பில் இடமில்லையென்றால் ‘உமிழ்நீர்ச் சோதனை’ போதும். ‘போதையில் ஓட்டினார்’ என்பதற்குப் பதில் ‘உமிழ்நீரில் போதைப்பொருள் இருந்தது’ என்று எழுதுங்கள், சோதனை காட்டியது அவ்வளவுதான்.